கணினி எழவில்லை, அரசரும் எழவில்லை

ராஜாக்கள் காலத்தில் கணினி ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

மருதவூரை ஆண்ட கோதண்டராயர் அரண்மனையில் ஒரு கணினி இருந்தது. இளவரசி கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய எழுநூறு பேரின் பட்டியல் அதற்குள்தான். அதைப் பார்த்துக்கொண்டவள் செங்கமலம்.

ஒருநாள் அமைச்சர் சிற்சபேசர் அரசரின் படங்களை அதில் ஏற்ற வந்தார். இடம் போதவில்லை. தகவல்களைச் சேர்த்துவைக்கும் வட்டு சில பகுதிகளாகப் பிரிந்திருப்பது கண்ணில் பட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு துக்கடாப் பகுதி. உள்ளே படமும் இல்லை, பாட்டும் இல்லை. ‘தண்டத்துக்கு இடத்தை அடைக்கிறது’ என்று அதை அழித்துப் பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் கணினி எழவில்லை. வெறும் கறுப்புத் திரை.

“செங்கமலம் எதையோ கெடுத்துவிட்டாள், அரசே. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்,” என்றார் அமைச்சர்.

“அழித்தால் பட்டியலும் போய்விடும், அரசே. கணினியை எழுப்புகிற முதல் பகுதியை வட்டில் காணோம். நான் தொடவில்லை. விட்டால் சரிசெய்துவிடுவேன்,” என்றாள் அவள்.

“கெடுத்த கையே மறுபடி தொடுவதா?” என்றார் அமைச்சர்.

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. “நாளை உச்சிவேளையில் அழித்துவிடுங்கள். அதற்குள் இவள் நாட்டைவிட்டுப் போகட்டும்.”

அப்போது வெள்ளியம்பலம் எழுந்தார். அரசரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அவையில் சோறு போட்டு வைத்திருந்த ஆள். “நாளை உச்சிவரை அரண்மனை அறைகளை மாற்றியமைக்கும் அதிகாரம் எனக்கு வேண்டும், அரசே.”

“கல்யாண வேலைதானே, செய்யும்.”

மருதவூரில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் ஓதுவார் உட்கார்ந்து பள்ளியெழுச்சி பாடுவார். அது காதில் விழும்வரை அரசர் காலைத் தரையில் வைக்கக்கூடாது. வாயையும் திறக்கக்கூடாது.

வெள்ளியம்பலம் அந்த அறையைப் பூமாலை வைக்கக் கொடுத்துவிட்டு, ஓதுவாரைத் தோட்டத்தின் கடைசிக்கு அனுப்பினார். விடிந்ததும் ஓதுவார் அங்கே நன்றாகத்தான் பாடினார். மயில்கள் எழுந்தன.

அரசர் எழவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். பொங்கல் வாசனை வந்தது. வெயிலும் ஏறியது.

கதவுக்கு வெளியே சிற்சபேசர் வந்து நின்றார். வெள்ளியம்பலம் கவலையோடு கேட்டார்: “அரசர் எழவில்லையே ஐயா, என்ன செய்யலாம்? நேற்றுக் கணினிக்குச் சொன்னீர்களே, அதே வைத்தியமா?”

அமைச்சர் தாடியைத் தடவினார். “ராஜ்யம் நிற்கக்கூடாது பாரும். இருப்பவரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒருவரைப் போட வேண்டியதுதான்.” உள்ளே அரசர் காதில் அது விழுந்தது; வாயைத் திறக்கத்தான் வழியில்லை.

வெள்ளியம்பலம் ஓதுவாரைப் பழைய அறைக்கே அழைத்துவந்து உட்கார வைத்தார். முதல் அடி முடிவதற்குள் அரசர் கதவருகில் நின்றார்.

“யாரய்யா ஓதுவாரை மாற்றியது?”

“நான்தான், அரசே. அந்த அறையில் ஒரு தம்புராவைத் தவிர ஒன்றுமே இல்லை. தண்டம் என்று நினைத்தேன். கணினியிலும் யாரோ அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். பட்டியல் உள்ளே விழித்துக்கொண்டுதான் கிடக்கிறது. எழுப்புகிறவனுக்குத்தான் இடம் இல்லை.”

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார். “ரொம்பச் சின்னதாக இருந்தது, அரசே,” என்றார்.

செங்கமலம் ஒரு பென் டிரைவைச் செருகி, அதைக் கொண்டு கணினியைத் தொடங்கினாள். போன பகுதியை மறுபடி உண்டாக்கி, தொடங்கிவைக்கும் நிரலை அதில் எழுதினாள். உச்சிக்கு முன்பே எழுநூறு பேரும் திரையில் வந்துவிட்டார்கள். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

பிறகு வெள்ளியம்பலத்தைக் கூப்பிட்டார். “சிற்சபேசரின் அலுவல் அறையையும் ஒருதரம் பாரும். உள்ளே வேலை எதுவும் நடக்கவில்லையென்றால் பக்கத்து யானைக்கொட்டிலோடு சேர்த்துவிடும்.”

“காலையிலேயே பார்த்துச் சேர்த்துவிட்டேன், அரசே. யானை சாப்பிட்டுவிட்டு அங்கேதான் படுத்திருக்கிறது.”