நோயாளியின் மறு கை

தங்கபாய் சிஸ்டர் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நர்சுகளுக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவிகள் கேள்விகளோடு வருவார்கள். நேரான பதில் கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பெல்சி வந்தாள். இருபது வருடங்களுக்கு முன் அவரிடம் படித்தவள். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸ்.

"நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கப் போறேன் சிஸ்டர். ஒரு காலேஜ்ல ஒரு வருஷம். இன்னொண்ணுல ரெண்டு. எதுல சேரட்டும்?"

"என்ன அவசரம் மக்ளே?"

"மலையில ஒரு கிளினிக். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மத்த நாள் நானே பார்த்து மருந்து சொல்லணும். அடுத்த ஜூன் வரைக்கும்தான் எனக்காக இடம் வெச்சிருப்பாங்க. பதினாறு வருஷமா இதுக்குத்தான் காத்திருக்கேன்."

சிஸ்டர் கையை நீட்டினார். "நாடி பாரு."

பெல்சி கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினாள். "எழுபத்தாறு. சீரா இருக்கு."

"முழு நிமிஷம் எண்ணு."

எண்ணினாள். முகம் மாறியது. "எழுபத்தொண்ணு. அங்கங்க ஒரு அடி விட்டுப்போகுதே! எத்தனை நாளா?"

"எட்டு வருஷமா. மாத்திரை சாப்பிடுறேன். பயப்படாதே, இன்னைக்குப் போகமாட்டேன்."

"அப்போ ரெண்டு வருஷப் படிப்புதான்கிறீங்க."

"நான் எங்கே சொன்னேன்? இதைக் கண்டுபிடிச்சவ ஒன்றரை வருஷம் படிச்ச கிராம நர்ஸ். அதுக்கு முன்னாடி பெரிய படிப்பு படிச்ச மூணு பேர் இதே கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, நல்லாருக்கீங்கன்னு அனுப்பிட்டாங்க."

"குழப்பாதீங்க சிஸ்டர்."

"ஆண்கள் வார்டுல நீ முதல்முதல்ல நாடி பார்த்தப்போ, நோயாளியோட ஒரு கை உன்கிட்ட. மறு கை?"

பெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைய நோயாளி குளச்சலிலிருந்து வந்த ஒரு மீனவர். வலது மணிக்கட்டு அவளிடம், இடது மணிக்கட்டு சிஸ்டரிடம். எண்ணி முடித்ததும் இருவரும் அவரவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதி, கட்டில்மேல் விரித்துக் காட்ட வேண்டும். எண் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அன்று ஏழு தடவை. ஏழாவதில் அந்த மனிதர் சொன்னார்: "யம்மா, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் அதுக்குத் தக்கபடி துடிக்கேன்."

படித்த மூன்று வருடமும் அப்படித்தான். அந்த வார்டை இடித்து இப்போது வாகன நிறுத்தம் ஆக்கிவிட்டார்கள்.

"மறு கை உங்ககிட்ட இருந்துது சிஸ்டர்," என்றாள்.

"அந்த ரெண்டு காலேஜ்லயும் யார்கிட்ட இருக்கு?"

"ரெண்டு வருஷக் காலேஜ்ல ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு ஆசிரியர் வார்டுல நிப்பாங்களாம். நேர்ல பார்த்தேன். ஒரு வருஷக் காலேஜ்ல பாடம் எல்லாம் கம்ப்யூட்டர்ல. வார்டுல சொல்லிக்கொடுக்க ஆளை நாமளே தேடிக்கணும். கையெழுத்து வாங்கிக் கொடுத்தாப் போதும்."

"ம்."

"ஆனா ரெண்டு வருஷம்னா மலையில இடம் போயிடும் சிஸ்டர்."

"போயிடும்."

"போனா பரவாயில்லைங்கிறீங்களா?"

சிஸ்டர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மலையில மறு கையைப் பிடிக்க யார் இருக்கா, மக்ளே?"