வைக்கோல் கன்று கேட்ட சீம்பால்

முன்னொரு காலத்தில், மாடுகளுக்குப் பேச்சு மறந்துபோகாத காலத்தில், நுரைப்பாடி என்றொரு நாடு இருந்தது. பசு ஈன்றால் அங்கே ஒரே கேள்விதான்: ஆணா, பெண்ணா? பெண் கன்றுக்குப் பால். ஆண் கன்றுக்குப் பட்டினி. செத்ததும் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாய்முன் நிறுத்துவார்கள். தாய் நக்கும், மடி சுரக்கும், இவர்கள் கறப்பார்கள்.

அதை வழிப்போக்காக வந்த ஒரு மந்திரக்காரி பார்த்தாள். வைக்கோல் கன்றின் காதில் மட்டும் ஏதோ சொன்னாள். பிறகு ஒரு பிடி மண்ணை ஊதிவிட்டுப் போனாள்.

மறுநாள் முதல் கறந்த குடத்திலெல்லாம் வைக்கோல் தூசு. பிள்ளைகள் அழுதார்கள். அப்புறம் அழவும் தெம்பில்லாமல் கிடந்தார்கள். குமுதாயியின் கைக்குழந்தையும் அப்படித்தான் கிடந்தது.

அவளுடைய செவலைப் பசு ஈன்றது. ஆண் கன்று.

“புது ஈத்து, இதுல மந்திரம் ஏறியிருக்காது. சீக்கிரம் கற புள்ள!” என்றான் புருஷன் நல்லணன்.

அவள் பசுவின் மடியில் கை வைத்தாள். மூலையில் நின்ற, போன ஈற்று வைக்கோல் கன்று வாய் திறந்தது.

“அம்மா, பசிக்குது.”

“உனக்கு ஏது வயிறு?”

“எனக்கில்ல, தம்பிக்கு. ஒரு ஆண் கன்னாவது முதல் பாலை வயிறாரக் குடிச்சாத்தான் மந்திரம் உடையும்.”

“அதுவரைக்கும் என் பிள்ளை தாங்குமா?”

“அது எனக்குத் தெரியாது.”

குமுதாயி பிறந்த கன்றைத் தூக்கிப் பசுவின் மடியில் விட்டாள்.

“அடிப் பாவி! நம்ம பிள்ளைய விட மாடு பெருசாப் போச்சா?”

“போன கன்னும் இப்படித்தான் வாயைத் திறந்துச்சு மாமா. நாமதான் கட்டிவெச்சோம்.”

கன்று குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. குழந்தையின் மூச்சு மெலிந்தது. நல்லணன் சுவரில் தலையை முட்டி அழுதான். கன்று தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, அவள் காம்பை இழுத்தாள். மஞ்சள் மஞ்சளாய்ச் சீம்பால்!

முதல் சொட்டு குழந்தையின் உதட்டில் வழிந்து போனது. இரண்டாவதும் வழிந்து போனது. மூன்றாவது சொட்டுக்குத் தொண்டை அசைந்தது.

அந்தக் கணமே நாடெங்கும் வைக்கோல் கன்றுகள் சரிந்து விழுந்தன. பால் பாலானது. செத்த கன்றுகளும் பிள்ளைகளும் மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல் ஆண் கன்றும் முதல் பால் குடித்தது. காய்ந்த படுக்கையில் படுத்தது. புல்லும் தவிடும் தின்று காளையானது. ஏர் ஓடியது, வண்டி ஓடியது, குமுதாயி வீட்டுக் குதிர் நிறைந்தது.

செவலை மட்டும் வைக்கோல் கன்று நின்ற அந்த வெறும் மூலையை நக்கிக்கொண்டே இருந்தது. வளர்ந்த காளை ஒருநாள் அங்கே போய்த் தன் தலையைச் சாய்த்துக்கொடுத்தது.