செய்யாத கொலை

ஜமீன் நகையைத் திருடியதாகப் பல்லக்குத் தூக்கி சடையாண்டி கூண்டில் நின்றான். உண்மைத் திருடனைக் கண்ணால் பார்த்தவன் காவல்காரன் மொக்கையன் ஒருவன்தான். அவனைக் காணோம். "எங்கே போனானோ, எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்தார் ஜமீன்தார். மாஜிஸ்திரேட் அவருடைய சொந்த மைத்துனர், கேட்கவா வேண்டும்? தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

"எஜமான், மொக்கையனைக் கொன்னதும் நான்தான்" என்றான் சடையாண்டி.

பேனா நின்றது. கொலை வழக்கை மாஜிஸ்திரேட் விசாரித்துத் தீர்க்க முடியாது. திருட்டு வழக்கையும் சேர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே ஜூரிகள் முன்னால் மைத்துனர் பாச்சா பலிக்காது.

ஜமீன்தார் துள்ளி எழுந்தார். "பொய்! அவன் என் தோப்பு வீட்டில் உயிரோடு இருக்கிறான்!"

கோர்ட்டே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அப்ப கூட்டியாரச் சொல்லுங்க எஜமான்" என்றான் சடையாண்டி. "திருடினது யாருன்னு அவனே சொல்லட்டும்."