மேனேஜரின் கைராசி

கரண்ட் போய் வந்தால், மில் ஆபீஸின் இன்டர்நெட்டைக் காவல் காக்கும் ஃபயர்வால் பெட்டி மட்டும் எழாமல் கிடக்கும்.

"அடுத்த தடவை அது தானா எழலைன்னா, நீ வீட்டுக்குப் போயிடு," என்றார் மேனேஜர் வைரவநாதன், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவிடம்.

"எழும் சார். கரண்ட் போனதும் நீங்க ஓடி வந்து பெட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். பெரியவங்க கை பட்டாத்தான் எழும்."

மேனேஜர் பூரித்துப்போனார். மத்தியானம் கரண்ட் போனதும், ஆபீஸே பார்க்கப் பெட்டியைப் பச்சைக் குழந்தையாய்த் தாங்கி நின்றார். கரண்ட் வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது.

"பார்த்தியா என் கைராசியை?"

"பார்த்தேன் சார். கரண்ட் போனதும் பத்திரமா இருக்கட்டும்னு தினம் அதோட சுவிட்சை அணைக்கிறதும் இந்தக் கைதான்."

இப்போதெல்லாம் கரண்ட் போனால் மேனேஜர் கையைக் கட்டிக்கொள்கிறார். ஜெசிந்தா அதே நாற்காலியில்தான் இருக்கிறாள்.