எருமை குடித்த கஷாயம்

எந்தக் காலம் என்று யாரும் கேட்காத ஒரு காலத்திலே, வெள்ளைச்சாமி என்ற சம்சாரிக்கு வயிற்று வலி வந்தது. நாலாம் நாள் மகளுக்குக் கல்யாணம். வயிற்றைப் பிடித்துக்கொண்டா பெண்ணைத் தாரை வார்ப்பது? கல்யாண வேலையில் எருமையைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. அதையும் ஓட்டிக்கொண்டே வைத்தியர் வீட்டுக்கு வந்தார்.

வைத்தியர் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். சீடர்கள் மூவரையும் கூப்பிட்டு ஒரு கட்டு மூலிகையைக் கொடுத்தார்.

"இது புது மூலிகை. கஷாயம் வைத்து முதலில் வேறொரு உயிருக்குக் கொடுங்கள். சாயங்காலம்வரை சாகவில்லையென்றால் விஷமில்லை. பிறகு இவருக்குக் கொடுக்கலாம். அதுவரை இவர் வெறும் வயிற்றோடு இருக்கட்டும்."

பானை நிறையக் கஷாயம் கொதித்து இறங்கியது.

"எறும்புக்குக் கொடுப்போமா?" என்றான் மாசானம்.

"செத்துப்போனா, விஷத்துல செத்துதா, முங்கிச் செத்துதான்னு யாருவே சொல்லுவா?" என்றான் ஆவுடையப்பன்.

மூவரும் எருமையைப் பார்த்தார்கள். எருமை ஒரே மூச்சில் பானையைக் காலி செய்துவிட்டு, படுத்துக் கண்ணை மூடியது.

"போயிட்டுதோ?"

"வால் ஆடுதே."

"அப்போ வால் பிழைச்சுக்கிட்டுது. மத்ததைப் பொழுது சாஞ்சுதான் சொல்ல முடியும்."

பொழுது சாய்ந்தது. எருமை எழுந்து சாணி போட்டது. "விஷமில்லை!" என்று மூவரும் கட்டிக்கொண்டார்கள்.

"அப்போ எனக்குக் குடுங்கப்பா" என்று முனகினார் வெள்ளைச்சாமி.

"எல்லாத்தையும் எருமை குடிச்சிட்டுதே அண்ணாச்சி."

"கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

மூன்றாமவன் வேம்பு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "விஷம் அந்த மிச்சத்துல ஒளிஞ்சிருந்தா? சொட்டு விடாமப் பாக்கணும்லா?"

மறுநாள் புதுப் பானை வைத்தார்கள். "நேத்துக் கஷாயம்தான் நல்லதுன்னு தெரியும். இதைப் பத்தி நமக்குத் தெரியாதே" என்றான் மாசானம். அதையும் எருமை குடித்தது. மூன்றாம் நாளும் அதே கதைதான். எருமைக்குத் தோல் மினுமினுத்தது. வெள்ளைச்சாமிக்குக் கண் பஞ்சடைந்தது.

ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம், பட்டினி கிடந்த வயிறு வலியை மறந்தேவிட்டது. அமுக்கிப் பார்த்தார். வலியைக் காணோம்.

"பாத்தீரா கைராசியை!" என்றான் ஆவுடையப்பன். "எருமைக்குக் குடுத்தா மனுசனுக்குக் கேக்குது!"

விடிந்தால் கல்யாணம். வெள்ளைச்சாமி எருமையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

மூவரும் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி! மூணு நாள் மருந்து குடிச்ச உடம்பு அது! நடக்க விடலாமா? முதுகுல தூக்கிட்டுப் போங்க!"

வெள்ளைச்சாமி திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்.