துங்கராஜா கொடுத்த வட்டில்

ஒரே ஒரு ஆறு, அந்த ஒரு ஆத்துக்கு ரெண்டு ராஜா இருந்தாங்களாம். ஆத்துக்குப் பேரு வெள்ளச்சி. மலையில பொறந்து, மேல்சீமைக்குள்ள குதிச்சு, அங்கேருந்து கீழ்சீமைக்குள்ள ஓடி, கடல்ல போய் விழும். மேல்சீமைக்கு ராஜா துங்கராஜா. கீழ்சீமைக்கு ராஜா கோமதிராஜா. ரெண்டு பேரோட முப்பாட்டனுங்களும் கூடப்பொறந்த அண்ணன் தம்பி. அண்ணன் வம்சம் மேல, தம்பி வம்சம் கீழ. அவங்க நிலத்தைப் பிரிச்சாங்க, யானையைப் பிரிச்சாங்க, குதிரையைப் பிரிச்சாங்க. ஆத்தை எப்படிப் பிரிக்கிறது? அருவா வச்சு வெட்ட முடியுமா? முடியாதுல்ல!

அதனால என்ன பண்ணாங்க, எல்லையில ஒரு அணை கட்டி, பக்கத்துல ஒரு மண்டபம் கட்டி, மண்டபத்துக்குள்ள கல்தொட்டி வச்சு, அந்தத் தொட்டித் தண்ணியில ஒரு செம்புக் கிண்ணத்தை மிதக்க விட்டாங்க, அதுக்குப் பேருதான் வட்டில். வட்டிலுக்கு அடியில ஊசிமுனை அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியா தண்ணி ஏறும், ஏறும், ஏறும், அப்புறம் மொடுக்குன்னு வட்டில் முங்கிரும். முங்குனதும் ஒருத்தன் தமுக்கை எடுத்து ‘டம்!’னு அடிப்பான். அது ஒரு வட்டில் நேரம். ஏழு வட்டில் தண்ணி மேல்சீமை வாய்க்காலுக்கு, ஏழு வட்டில் தண்ணி கீழ்சீமை வாய்க்காலுக்கு. இப்படியே மாறி மாறி, ராவும் பகலும், எத்தனையோ காலமா சண்டை சச்சரவு இல்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு.

அப்படி இருக்கையில துங்கராஜாவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. என்ன ஆசை? கரும்பு போடணும், வெத்தலைக் கொடிக்கால் போடணும், அரண்மனைக்குள்ள படகு விடுற மாதிரி குளம் வெட்டணும். ஏழு வட்டில் தண்ணி பத்துமா? பத்தாது! யோசிச்சாரு, யோசிச்சாரு, யோசிச்சாரு. ஒருநாள் காலையில, “ஐயையோ, பழைய வட்டில் வெள்ளத்தோட போயிருச்சே!”ன்னு கத்துனாரு. போச்சா, போகவச்சாரான்னு நீங்களே நெனச்சுக்கங்க. அப்புறம் பெருந்தன்மையா என்ன செஞ்சாரு, ரெண்டு புது வட்டில் செய்யச் சொல்லி, பட்டுத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு யானை மேல வந்து இறங்குனாரு.

“தம்பி கோமதிராஜா! ஒரே வட்டில ரெண்டு சீமையும் ஏன் பொழங்கணும்? இந்தா, இது உனக்கே உனக்கு. உன் முறைக்கு உன் வட்டில், என் முறைக்கு என் வட்டில்!”

கோமதிராஜா நல்ல மனுஷன், ஆனா வெள்ளந்தி. “எனக்கே எனக்கா அண்ணே!”ன்னு வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. கீழ்சீமைச் சனம் குலவை போட்டுச்சு. நம்ம வட்டில், நம்ம வட்டில்னு அதுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வச்சு, மாலை போட்டாங்க. எல்லாம் செஞ்சாங்க, திருப்பிப் போட்டு அடியைப் பாத்தாங்களா? ஒருத்தரும் பாக்கலை!

அந்தக் கீழ்சீமையில பூவலிங்கம்னு ஒருத்தன். அணைக்குக் கூப்பிடு தூரத்துல மேட்டுல அவனுக்குக் கொஞ்சம் வயல். வாய்க்கால் தாழ, வயல் உசர. அதனால ஏத்தம் போட்டுத்தான் இறைக்கணும். நீளமான கழி, ஒரு நுனியில கல்லு, இன்னொரு நுனியில தண்ணி மொள்ளுற சால். இழுத்து இறக்குனா சால் முங்கும், விட்டா கல்லு தூக்கிக் குடுக்கும். ஊர்ல அவனைக் கிறுக்குப் பூவலிங்கம்னு சொல்லுவாங்க. ஏன்னா அவனுக்குப் பாட்டில்லாம எண்ணத் தெரியாது. “உனக்கு ஆடு எத்தனைடா?”ன்னு கேட்டாக்கூட ஏத்தப்பாட்டை மொதல்லேருந்து பாடித்தான் சொல்லுவான்.

*ஒண்ணாஞ் சாலு கொக்கு குடிக்க,*
*ரெண்டாஞ் சாலு நண்டு குளிக்க,*
*மூணாஞ் சாலு முளைச்ச நெல்லுக்கு...*

இப்படி நூறு சாலுக்கும் நூறு அடி. ஒரு சாலுக்கு ஒரு அடி. நூறாவது அடியைப் பாடி அவன் வாயை மூடுறதுக்கும், அணையில தமுக்கு ‘டம்’முன்னு விழுறதுக்கும் சரியா இருக்கும். அவன் அப்பன் காலத்துலயும் அப்படித்தான், அவன் காலத்துலயும் அப்படித்தான்.

புது வட்டில் வந்த மறுநாள், பூவலிங்கம் எழுபதாவது அடி பாடிக்கிட்டிருக்கான், ‘டம்!’

“என்னடா இது? காலையில கூழு ஜாஸ்தி குடிச்சுட்டேன் போல, கை மந்தமாயிருச்சு”ன்னு நெனச்சுக்கிட்டான்.

ரெண்டாம் நாள், எழுபதாவது அடி, ‘டம்!’ “கயிறு நீண்டு போச்சு போல”ன்னு கயித்தை வெட்டிக் கட்டினான்.

மூணாம் நாள் அவன் பொண்டாட்டி இருளாயி கஞ்சி கொண்டுவந்தா. அன்னைக்கும் எழுபது, ‘டம்!’ அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு, “என்னய்யா, பாட்டை முழுங்குறியா?”ன்னு கேட்டா.

“நான் முழுங்கலை புள்ள! தமுக்குதான் முழுங்குது!”

“நீ முழுங்குனா உன் வயிறு நெறையும். தமுக்கு முழுங்குனா நம்ம வயலு காயும். பயிரைப் பாத்தியா?”

பாத்தான். பால் பிடிக்கிற பருவம். இன்னும் பதினஞ்சு நாள் தண்ணி நின்னாத்தான் பால் இறுகி அரிசியாகும். இல்லாட்டி அத்தனையும் பதரு, ஊதுனா பறந்துரும்! அவனுக்கும் அவளுக்கும் வருஷம் முழுக்கச் சோறு அந்த வயலுதான். கீழ்சீமை முழுக்க அதே பருவம், அதே பயிரு.

இருளாயி சும்மா இருப்பாளா? நூறு புளியங்கொட்டையை எண்ணி மடியில கட்டிக்கிட்டு வந்து, ஒவ்வொரு சாலுக்கும் ஒரு கொட்டையைக் கீழ போட்டா. ‘டம்!’ மடியில முப்பது கொட்டை மிச்சம்!

“சரி, இப்ப மேல்சீமை முறை வரும்ல, அப்பவும் இறைய்யா.”

“அடியே, அப்ப நம்ம வாய்க்கால்ல தண்ணி இருக்காதே!”

“தண்ணிக்கா இறைக்கச் சொன்னேன்? பாட்டுக்கு இறைய்யா!”

காஞ்ச வாய்க்கால்ல அவன் வெறுஞ்சாலை இறக்குறதும் தூக்குறதும், இறக்குறதும் தூக்குறதுமா இருக்க, போறவங்க வர்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. “பூவலிங்கம், காத்து நல்லா சுரக்குதா? எனக்கும் ஒரு சால் ஊத்து!” அவன் காதுல வாங்கலையே! எழுபது ஆச்சு, தமுக்கு இல்லை. நூறு ஆச்சு, தமுக்கு இல்லை. மறுபடி மொதல்லேருந்து கொக்கு, நண்டு, நெல்லுன்னு ஆரம்பிச்சு முப்பதாவது அடி பாடுறான், அப்பத்தான் ‘டம்!’ நமக்கு எழுபது, அவங்களுக்கு நூத்திமுப்பது! நம்ம வட்டில்ல ஓட்டை பெருசு, அவங்க வட்டில்ல சிறுசு!

என்னது? சூரியனைப் பாத்தா தெரிஞ்சிருக்குமேங்கிறியா? நல்லாக் கேட்ட கண்ணு. ஏழு வட்டில் ஏழு வட்டிலா மாறுறதால இன்னைக்குக் காலையில வர்ற தண்ணி நாளைக்கு வேற நேரத்துல வரும். நிழலை வச்சுப் பிடிக்க முடியாது. பாட்டை வச்சுத்தான் பிடிக்கணும்!

புருஷனும் பொண்டாட்டியும் ஓடுறாங்க, ஓடுறாங்க, கோமதிராஜா அரண்மனைக்கு ஓடுறாங்க. சேதியைக் கேட்டதும் மந்திரி மீசையை முறுக்கி, “மகாராஜா, படையெடுக்கணும்!”ங்கிறாரு.

கோமதிராஜா, “ஐயோ, நம்மகிட்ட இருக்கிறதே பதினாலு யானை. அதுல ரெண்டுக்குக் கால் நொண்டி. ஏன்யா, ரெண்டு வட்டிலையும் ஒண்ணா மிதக்க விட்டுப் பாத்தாப் போதாதா?”ன்னாரு. ஆள் அனுப்பிக் கேட்டா துங்கராஜாகிட்டேருந்து பதில் வருது: ‘என் வாக்கைச் சோதிச்சுப் பாக்கிறவன் எவனோ, அவன் ஊரை எரிப்பேன்!’

அப்ப இருளாயி கேக்குறா, “சாமி, எங்க வீட்டுல பாகம் பிரிச்சப்ப என் வீட்டுக்காரரோட அண்ணன் பங்கு வச்சாரு, இவரு எடுத்தாரு. எந்த ஊர்லயும் அதுதானே மொறை? மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் மொதல்ல எடுக்கணும்.”

“ஆமா தாயி.”

“துங்கராஜா பங்கு வச்சாரு, சரி. நாம எங்க எடுத்தோம்? அவரே எடுத்து நம்ம கையில திணிச்சுட்டாரே! சோதிக்க வேணாம் சாமி. எடுத்தாப் போதும்.”

கோமதிராஜாவுக்கு மொகமெல்லாம் பல்லாயிருச்சு!

‘சோதிக்கலை அண்ணே, சும்மா வந்துட்டுப் போங்க’ன்னு கோமதிராஜா சொல்லியனுப்ப, மறுநாள் பகல்ல மண்டபத்துல ரெண்டு சீமைச் சனமும் கூடியாச்சு. துங்கராஜா யானையை விட்டு இறங்குறாரு. “யாருடா அது, பாட்டுப் பாடி நேரம் பாக்கிறவன்? நாளைக்குக் கழுதை கத்துறதை வச்சும் நேரம் பாப்பானோ?” அவரு ஆளுங்க சிரிக்கிறாங்க.

இருளாயி கும்பிட்டுக்கிட்டு முன்னால வந்தா. “மகாராசா, அவரு கிறுக்குதான், விடுங்க. நீங்க சொன்னாப் போதும். ரெண்டு வட்டிலும் ஒண்ணுதானுங்களா?”

“ஒண்ணுதான்.”

“எடையும் ஒண்ணுதானுங்களா?”

“ஒண்ணுதான்.”

“ஓட்டையும்?”

“ஒண்ணுதான், ஒண்ணுதான், ஒண்ணுதான்! என் குலதெய்வத்து மேல ஆணை!”

“அப்பச் சரிங்க. மூத்தவங்க பங்கு வச்சுட்டீங்க. இளையவங்க இப்பத்தான் எடுக்கிறோம்”னு சொல்லிக்கிட்டே, நேராப் போயி, துங்கராஜாவோட வட்டிலை லபக்குன்னு எடுத்து கோமதிராஜா கையில வச்சுட்டா!

துங்கராஜாவுக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. “ஏய்! ஏய்! அதுல... அதுல என் முத்திரை இருக்கு!”

“முத்திரையைச் சுரண்டித் தந்துர்றோம் சாமி, பத்திரமா வச்சுக்கங்க.”

கூட்டம் ‘கொல்’லுன்னு சிரிச்சுச்சு. கீழ்சீமைச் சனம் மட்டுமா? மேல்சீமைச் சனமும் சேர்ந்துதான். மொறையை மாத்துன்னு எவன் சொல்லுவான்? ஒண்ணுதான்னு மூணு தரம் சொல்லியாச்சு. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி, மென்னு முழுங்கிக்கிட்டு யானை மேல ஏறிப் போயிட்டாரு.

அன்னைக்கேருந்து பூவலிங்கம் வாய்க்கால்ல தண்ணி நிக்குது, நிக்குது, நூத்திமுப்பது சாலுக்கும் நிக்குது! பயிரு தலை தூக்கிருச்சு. அங்க மேல்சீமையில எழுபதுக்கே ‘டம்!’ மொதல்ல அரண்மனைக் குளம் வத்துச்சு, படகு சேத்துல குந்திக்கிச்சு. அப்புறம் கொடிக்கால் வதங்குச்சு. அப்புறம் கரும்பு சுருண்டுச்சு. மேல்சீமைக் குடியானவங்க அரண்மனை வாசல்ல வந்து நின்னு, “மகாராசா, தண்ணி ஏன் பத்தலை?”ன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லுவாரு? மொத நாள், “மலையில மழை இல்லை”ன்னாரு. ரெண்டாம் நாள், “வாய்க்கால்ல நண்டு வளை போட்டிருக்கு”ன்னாரு. மூணாம் நாள் அவங்க, “எங்க நெல்லும் பால் பிடிக்கிற நேரம் சாமி”ன்னு தரையில உக்காந்துட்டாங்க.

இங்க கோமதிராஜாவுக்கும் மெல்ல ருசி தட்டிப்போச்சு. “தாயி, இந்த வட்டில் நல்லாத்தானே இருக்கு? இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே”ங்கிறாரு.

இருளாயி மொகத்துக்கு நேராவே சொன்னா, “சாமி, குத்தம் பண்ணது ராஜா. அங்க காயுறது நெல்லு. நெல்லு என்ன பாவம் பண்ணுச்சு? அவரு வாயால உண்மை வர்ற வரைக்கும்தான் இது நம்மகிட்ட இருக்கணும். வந்துட்டா ஒரு நாழி கூட வைக்கக் கூடாது.” கோமதிராஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

பத்தாம் நாள், யானை இல்லாம, குடை இல்லாம, புழுதியில நடந்து வர்றாரு துங்கராஜா. மண்டபத்துக்கு வந்து தொண்டையைக் கனைச்சு, “அந்த வட்டில் ஓட்டையில... கொஞ்சம் வித்தியாசம் இருக்கு”ன்னாரு.

“அப்படிங்களா! உங்களுக்கு எப்படித் தெரியும் சாமி?”ன்னா இருளாயி.

துங்கராஜா தரையைப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு, “நான்தான் போடச் சொன்னேன்.”

அப்புறம் என்ன? அங்கேயே உலை மூட்டி, ரெண்டு வட்டிலையும் உருக்கி, ஒரே வட்டிலாத் தட்டியாச்சு. செம்பு தட்டுற கன்னாரு கேக்குறாரு, “ஓட்டை எத்தனை பெருசு போடணும்?” பழைய வட்டில்தான் இல்லையே! அளவு யாருகிட்ட இருக்கு? பூவலிங்கத்துக்கிட்டதான் இருக்கு. அவன், “நான் பாடுறேன், ஆனா இறைக்கிறது மகாராசாதான் இறைக்கணும்”னுட்டான்!

தொட்டியை வாய்க்கால் கரைக்கே தூக்கிட்டு வந்தாங்க. துங்கராஜா பட்டு உடுப்பை அவிழ்த்துப் போட்டுட்டுத் துண்டைக் கட்டிக்கிட்டு ஏத்தத்துல நின்னாரு. மொத தரம் இறைச்சாரு, தொண்ணூறுலயே வட்டில் முங்கிருச்சு. ஓட்டை பெருசு! அடைச்சுட்டு மறுபடி போடு, மறுபடி இறை! ரெண்டாம் தரம் நூத்திப்பத்து. ஓட்டை சிறுசு! அரத்தை வச்சுத் தேய், மறுபடி இறை! “மெதுவா இழுக்காதீங்க சாமி, பாட்டு நொண்டுது!”ன்னு அவரு சனமே கரையில நின்னு கத்துது. உள்ளங்கை கொப்புளிச்சு, இடுப்பு ஒடிஞ்சு, மூணாந்தரம் நூறாவது சாலை அவரு தூக்கி ஊத்தவும், வட்டில் மொடுக்குன்னு முங்கவும், ‘டம்!’ முன்னூறு சாலும் போனது எங்க? பூவலிங்கம் வயலுக்கு! தன் ஆயுசுல அவரு இன்னொருத்தன் பயிருக்குப் பாய்ச்சின தண்ணி அதுதான்.

அந்த வருஷம் ரெண்டு சீமையிலயும் நெல்லு விளைஞ்சு களம் நெறைஞ்சுச்சு. துங்கராஜா படகுக் குளத்தை மூடி, அதுலயும் நாத்து நட்டாரு.

மேல இருக்கிறவன் கையில மடை இருக்கலாம் கண்ணுங்களா, ஆனா கீழ இருக்கிறவனுக்கும் தொண்டை ஒண்ணுதான். ஆறு கடல் சேர்ந்துச்சு, நெல்லு குதிர் சேர்ந்துச்சு, நான் சொன்ன சொல்லு உங்க காது சேர்ந்துச்சு, தூக்கம் உங்க கண்ணு சேரட்டும்.