முதலை வாய்க்குள் நின்ற ஆட்காட்டி

மயிலைக் கலை மந்திரி ஆக்கியபோது காட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மயிலுக்கு மட்டும், இதற்கு ஏன் இத்தனை தாமதம் என்று ஒரு வருத்தம் இருந்தது.

அவருக்கு முன்னால் மந்திரியாக இருந்த ஆமை, எதையும் மாற்றாமல், எதையும் கெடுக்காமல், பெரும்பாலும் தூங்கியே காலத்தை ஓட்டிவிட்டது. மயிலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வந்த கையோடு எதையாவது ஒழித்துக்கட்டினால்தான் புது மந்திரி என்று நாலு பேர் பேசுவார்கள் என்பது அவர் எண்ணம். எதை ஒழிப்பது என்பதையும் எப்போதோ முடிவு செய்துவிட்டார். கிளறலைத்தான்.

கிளறல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விலங்குகள் தண்ணீர் குடிக்கும் ஆற்றங்கரையில் ஒரு பாறை உண்டு. அதன்மேல் செங்கண்ணி என்ற ஆட்காட்டிக் குருவி பொழுதெல்லாம் காவல் நிற்பாள். கண்ணில் பட்டதைக் கூவிச் சொல்வாள். "மேற்கே புலி!" "மூங்கில் காட்டில் புகை!" "கரையோரம் முதலை, தள்ளி நில்லுங்க!" காட்டுக்கு அதுதான் செய்தி.

காவல் நிற்பவளுக்கு இரை தேடப் போக நேரமில்லை. அவளுடைய சின்ன அலகுக்கு அந்தக் களிமண்ணும் மசியாது. அதனால், தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் காலால் கரையை ஒரு கிளறு கிளறிவிட வேண்டும் என்று ஏற்பாடு. வெளியே வருகிற புழுபூச்சிதான் அவளுக்கும் குஞ்சுகளுக்கும் சாப்பாடு. எந்தப் புழு யார் கிளறி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவள் யாருக்கும் பயந்து கூவ வேண்டியதும் இல்லை.

இதில் மயிலுக்கு என்ன கோபம்? எல்லாம் கால்களால் வந்த கோபம். தோகை அத்தனை அழகு. கால்களோ காய்ந்த சுள்ளி மாதிரி இருக்கும். தினமும் காலையில் எல்லோரும் பார்க்க அந்தக் கால்களைத் தூக்கித் தூக்கிக் கிளறுவது அவருக்கு உயிர் போகிற வேதனை. ஒருமுறை ஒரு மான்குட்டி வாய்விட்டுச் சிரித்தே விட்டது. அன்று முதல் அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

ஆனால் என் கால் அசிங்கம் என்று சபையில் சொல்ல முடியுமா? மந்திரி வேறு காரணம் கண்டுபிடித்தார்.

"ராஜா, இந்த வருடம் முதலை வாயில் யாராவது அகப்பட்டார்களா?" என்று கேட்டார்.

"இல்லையே," என்றது ராஜா யானை.

"பிறகு எதற்கு நாள் தவறாமல் முதலை, முதலை என்று கூவல்? காது புளித்துவிட்டது. ஒரு பாட்டு உண்டா, கூத்து உண்டா? கேட்க ஆசைப்படுகிறவர்கள் கிளறட்டும். மற்றவர்களை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?"

அந்தக் கூவல் இருந்ததால்தான் யாரும் அகப்படவில்லை என்பது சபையில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ராஜா யானை காதை ஆட்டியது. "உன் இலாகா, உன் இஷ்டம்," என்றது.

மறுநாள் கரையில் ஒரே கொண்டாட்டம். எருமை கிளறும் என்று மான் நினைத்தது. பன்றி கிளறும் என்று எருமை நினைத்தது. பன்றிக்குக் கிளறுவது பிடித்த வேலைதான். ஆனாலும் மற்றவர்கள் சும்மா இருக்கும்போது நான் மட்டும் என்ன இளிச்சவாயனா என்று அதுவும் திரும்பிப் போய்விட்டது. மயில் ஒய்யாரமாக வந்து, தோகையால் கால்களை மறைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் மிக ருசியான தண்ணீர்.

வெயில் ஏற ஏறக் கரை இறுகிப் போனது. குஞ்சுகள் பசியில் கத்தின. செங்கண்ணி மந்திரியைத் தேடி வந்தாள்.

"ஐயா, நான் இரை தேடப் போனா பாறை காலியா கிடக்கும். பாறையில நின்னா குஞ்சுங்க செத்துப்போகும். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

மயிலுக்கும் மனசு என்று ஒன்று இருந்தது. வெறும் கையோடு அனுப்ப அவருக்கு இஷ்டமில்லை. மறுபடி கிளறச் சொல்லவும் இஷ்டமில்லை. நேரே ஆற்றுக்குப் போய் முதலையைப் பார்த்தார். அது அவருடைய தோகையையும் ஆட்டத்தையும் வாயாரப் புகழ்ந்தது. முதலைக்குக் கலை என்றால் உயிர் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"என் பல்லு இடுக்குல எவ்வளவோ இறைச்சித் துணுக்கு கிடக்குது மந்திரியாரே," என்றது முதலை. "அந்தப் பொண்ணு வந்து கொத்தித் தின்னட்டும். என் வாயும் சுத்தமாகும். எனக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க?"

மயில் பெருமை பிடிபடாமல் திரும்பி வந்து சொன்னார். செங்கண்ணி இரண்டடி பின்வாங்கினாள்.

"முதலை வாய்க்குள்ள நின்னு சாப்பிட்டுட்டு, அப்புறம் முதலைன்னு எப்படிங்க ஐயா கூவுறது?"

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுடேன்," என்றார் மயில். "புலி இருக்கு, தீ இருக்கு, வெள்ளம் இருக்கு. கூவுறதுக்கா பஞ்சம்?"

குஞ்சுகளின் சத்தம் அங்கே வரை கேட்டது. செங்கண்ணி தலையைக் குனிந்துகொண்டு முதலையிடம் போனாள்.

அதன்பிறகு அவள் புலியைச் சொன்னாள், புகையைச் சொன்னாள். எல்லாம் உண்மை. முதலையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில், "ஆற்றுத் தண்ணீர் இன்று தித்திப்பு! இறங்கிக் குடியுங்கள்!" என்று ஒரு புதுக் கூவல் சேர்ந்தது. கேட்க இனிமையாக இருக்கிறதே என்று மயில் மெச்சினார்.

அதே வாரத்தில், இறங்கிக் குடித்த பன்றி வால் இல்லாமல் கரையேறியது. வலியோடு மந்திரியிடம் வந்து முறையிட்டது.

"சொந்த வாலைக் கவனமா வெச்சுக்கத் தெரியலேன்னா நான் என்னய்யா செய்யறது?" என்று மந்திரி அதை அனுப்பிவைத்தார்.

மழைமேகம் திரண்டது. மேகத் திருவிழாவை ஆற்றங்கரையில் மந்திரியே ஆடித் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. கூட்டம் வருவதற்கு முன் தன் அழகைத் தண்ணீரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ள மயில் தனியாக வந்தார்.

செங்கண்ணி பாறைமேல் இருந்தாள். நிற்க முடியாமல் அப்படியும் இப்படியும் நடந்தாள்.

"முதலையார் எங்கே? முதல் வரிசையில அவருக்குத்தான் இடம்," என்றார் மயில்.

அவள் குஞ்சுகளைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே மயில் இன்னும் ஓரடி இறங்கினார். தண்ணீருக்குள் கொண்டையும் நீலக் கழுத்தும் அழகாகத் தெரிந்தன. அவர் கழுத்தை வளைத்துக் குனிந்தார்.

"முதலை! கரையோரம் முதலை! தள்ளி நில்லுங்க!"

மயிலுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. திருவிழா நாளும் அதுவுமாக இப்படியா? அவளைத் திட்டுவதற்காகச் சட்டென்று பாறைப் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது, அந்த ஒண்ணை மட்டும்..."

முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. ஒரு நொடிக்கு முன் அவர் கழுத்து இருந்த இடத்தில் முதலையின் வாய் டபக் என்று மூடியது. அதற்குள் அகப்பட்டது தோகைதான். மயில் அலறிக்கொண்டு இழுத்தார், பிய்த்தார், எப்படியோ பறந்து பாறைமேல் போய் விழுந்தார். தோகை முழுவதும் முதலையின் வாயோடு போய்விட்டது.

வாய் கொள்ளாத இறகோடு முதலை இருமிக்கொண்டே செங்கண்ணியை முறைத்தது. "நன்றி கெட்டவளே! இனி என் வாய்ப் பக்கம் வந்துடாதே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

மயில் பாறைமேலேயே உட்கார்ந்திருந்தார். திட்டத் திரும்பாமல் இருந்திருந்தால் தலை போயிருக்கும் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. பக்கத்தில் செங்கண்ணி பாறைக்கடியில் இருந்த குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் குஞ்சுகளுக்கு என்ன கொடுப்பது என்ற கவலை அவளுக்கு. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன் தோகையை விட அந்தக் குஞ்சுகளை நினைத்துத்தான் அழுகை வந்தது.

திருவிழாவுக்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. ராஜா யானை, எருமை, பன்றி, மான்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோகை இல்லாத மந்திரி பாறையிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தார். மறைக்க இப்போது ஒன்றும் இல்லை. சுள்ளிக் கால்கள் இரண்டும் எல்லோர் கண்ணிலும் பட்டன. அவர் ஒரு காலைத் தூக்கினார். இறுகிய மண்ணைக் கிளறினார். மறுபடியும் கிளறினார்.

மான்குட்டிகூடச் சிரிக்கவில்லை.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் மந்திரி. "கிளறுங்க!"

பன்றிதான் முதலில் ஓடிவந்தது. பிறகு எருமை, பிறகு மான்கள். புழுக்கள் நெளிந்து வெளியே வந்தன. குஞ்சுகள் பாறைக்கடியிலிருந்து ஓடிவந்தன. செங்கண்ணி மட்டும் சாப்பிட இறங்கவில்லை.

"கொஞ்சம் மேலே வந்து கிளறுங்க ஐயா," என்று பாறையிலிருந்து சொன்னாள். "முதலை இன்னும் அங்கேதான் இருக்கு."

எல்லோருக்காகவும் கூவுகிற வாய்க்கு எல்லோரும் சேர்ந்துதான் இரை போட வேண்டும். அந்த வேலையை ஒருவனிடம் விட்டுவிட்டால், அந்த ஒருவனைப் பற்றி மட்டும் அது கூவாது.